தெருவைச் சுற்றிய சங்கிலி

1974 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்து, திருத்தணித் தெருக்களில் காவடியிலிருந்து உதிர்ந்த பூக்கள் வாடிக் கிடந்தன. எங்கள் வீட்டில் அன்றைய காலையும் வழக்கம்போலவே தொடங்கியது. சித்தப்பா விடிவதற்கு முன்பே தறிக்குழியில் இறங்கிவிட்டார். அம்மா குழாயடியில் இரண்டு குடம் பிடித்து வந்து அடுப்பு மூட்டினாள். நைனா, அதாவது அப்பா, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் ராட்டையில் நூல் சுற்றி முடித்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று பழைய சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். அது நாக்கில் பட்டதும் இரண்டு காதுகளுக்கும் கீழே சுருக்கென்று ஒரு வலி பாய்ந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

தேதி எனக்கு மறக்காததற்குக் காரணம் உண்டு. அந்த வியாழக்கிழமை சுதந்திர தினம். கொடியேற்றும்போது பாடுவதற்கு ஐந்தாம் வகுப்பில் பொறுக்கியெடுத்த பெண்களில் நானும் ஒருத்தி. ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்தோம். அம்மா வெள்ளைத் தாவணித் துணியில் பாவாடை தைத்துக்கூட வைத்துவிட்டாள்.

"ஏன்டி, சோத்த வாயில வெச்சிகினு முழிக்கிற?" என்றாள் அம்மா.

"காதாண்ட வலிக்குதும்மா."

அம்மா இரண்டு விரலால் தாடையோரம் அழுத்திப் பார்த்தாள். நான் அலறினேன். அவள் வாசல்பக்கம் திரும்பி, "இன்னாங்க, இதுக்குப் பொன்னுக்கு வீங்கி போல கீது" என்றாள். அவ்வளவுதான். பாட்டும் போயிற்று, பாவாடையும் மடித்துப் பெட்டிக்குள் போயிற்று.

நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்காவது இது வந்திருக்கும். கன்னம் இரண்டும் காது மடல்வரை உப்பி, கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ போல இருக்கும். காய்ச்சல் அடிக்கும். எச்சில் விழுங்கினால் வலிக்கும். புளிப்பை நினைத்தாலே வலிக்கும். நாமக்கட்டியை உரசிப் பூசுவார்கள். அது காய்ந்து தோலை இழுக்கும்போது வலி குறைந்தது போல ஒரு பிரமை. இதற்கென்று மருந்து அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடிந்துவிடும். இந்தச் சாதாரண உண்மை தெரியாமல் போனதால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "கிருத்திகைக்கு எங்கெங்கியோ இருந்து ஜனம் வந்துட்டுப் போச்சே, அவங்க வுட்டுட்டுப் போனதுதான்" என்று தீர்ப்புச் சொன்னாள். தெரு முழுக்க அதையே சொன்னது. இப்போது கணக்குப் பார்த்தால் பொருந்தவில்லை. இந்தக் கிருமி உடம்புக்குள் போய் இரண்டு மூன்று வாரம் பதுங்கியிருந்த பிறகுதான் கன்னம் வீங்கும். கிருத்திகை முடிந்து இரண்டே நாளில் எனக்கு வீங்கிவிட்டது. ஆகவே வெளியூர்க்காரர்கள் பாவம். பள்ளிக்கூட வாசலில் ஒரே குச்சி ஐஸை நாலு பேர் மாற்றி மாற்றிச் சப்பினோமே, அங்கேதான் வாங்கியிருப்பேன். வீக்கம் தெரிவதற்கு முன்பே எச்சிலில் கிருமி இருக்கும். யாரிடமிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் போவது அதனால்தான். வெளியூர்க்காரர்களைத் திட்டிய நேரத்தில் பிள்ளைகளைத் தனித்தனியாகப் படுக்க வைத்திருக்கலாம்.

இந்த வீக்கத்துக்கு நம்மூரில் உள்ள வைத்தியம் உங்களுக்கும் தெரியும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட வேண்டும். கனமான சங்கிலியாக இருந்தால் சீக்கிரம் வடியும் என்பார்கள். நெசவுத் தெருவில் அப்படிக் கனமான சங்கிலி எத்தனை வீட்டில் இருக்கும்? எங்கள் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் போட்ட இரட்டைவடச் சங்கிலி ஒன்றுதான் இருந்தது. அதை என் கழுத்தில் போட்டார்கள். ஜில்லென்று இருந்தது. எட்டாம் நாள் வீக்கம் வடிந்தது. அம்மாவின் சங்கிலி ராசியான சங்கிலி என்று பேர் வாங்கிவிட்டது.

அதற்குள் எதிர் வீட்டில் ஒரு பையனுக்கு வீங்கியது. அவன் அம்மா வந்து சங்கிலி கேட்டாள். நைனாவுக்கு இல்லை என்று சொல்ல மனமில்லை, கொடுத்துவிட்டுத் தூங்கவும் தைரியமில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் சித்தப்பா எடுத்துப் போய்த் தம் கையால் போட்டுவிட வேண்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் தம் கையால் கழற்றிக்கொண்டு வர வேண்டும். நோயாளிகள் கூடியபோது காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டார்கள்.

அந்தச் சங்கிலியின் கொக்கி சரியில்லை. வாய் திறந்துகொள்ளும். ஆசாரியிடம் கொடுத்துச் சரிபண்ண வேண்டும் என்று அம்மா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா அதற்கு ஒரு வித்தை வைத்திருந்தார். பிள்ளையின் கழுத்தில் சங்கிலியைச் சுற்றி, குனிந்து, கொக்கியைப் பல்லால் ஒரு கடி கடித்து இறுக்குவார். கழற்றும்போதும் பல்தான். வாய் மூட முடியாமல் எச்சில் ஒழுகிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், எச்சில் ஊறிய சங்கிலி. அதை அவர் கடித்தார். வீடு வீடாக, நாள் தவறாமல் கடித்தார். பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்று கடிக்கும்போது நாய்போல உறுமுவார். என் கழுத்தில் போட்டபோதும் உறுமினார். எனக்குச் சிரிப்பு வந்து தாடை வலித்தது.

அவருக்கு அப்போது இருபத்துநாலு வயது. சின்ன வயதில் அவருக்கு இது வந்து போயிற்றா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அம்மையார்குப்பத்தில் பெண் பார்த்து ஆனி மாதமே நிச்சயம் செய்திருந்தார்கள். ஐப்பசியில் கல்யாணம்.

செப்டம்பர் தொடக்கத்தில் சித்தப்பாவுக்கு வீங்கியது. தெருவே சிரித்தது. கூட நெய்யும் சிநேகிதர் ஒருவர் தினமும் வந்து தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னா மாப்ள, கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு கன்னத்துலயும் லட்டு அடக்கிகினு கீற?"

"சிரிக்க வைக்காதடா. தாடை வலிக்குது."

"பால்வாடியில சேத்துவுட்டுரட்டுமா? உன் வயசுப் பசங்க அங்கதான் கீறாங்க."

சின்னப் பிள்ளைகள் வியாதி பெரியவர்களுக்கு வந்தால் வேடிக்கை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அம்மா சங்கிலியை எடுத்துச் சித்தப்பா கழுத்திலும் போட்டாள். கன்னம் வடிந்தது. சங்கிலிக்கு இன்னும் பேர் கூடியது.

ஆனால் கன்னம் வடியும்போதே மறுபடி காய்ச்சல் ஏறியது. இந்தமுறை குளிர் நடுக்கத்தோடு. சித்தப்பா இடுப்புக்குக் கீழே வலிக்கிறது என்று நைனாவிடம் மட்டும் சொன்னார். காலை அகட்டி அகட்டி நடந்தார். தறிக்குழியில் இறங்க முடியவில்லை. தீபாவளிக் கைலிக்குப் பொதட்டூர்பேட்டை வியாபாரி பாவு, தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல், கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தறி ஒரு நாள் நின்றால் நைனாவுக்கு முகம் இறுகிவிடும்.

"குழியில உக்காந்து உக்காந்து சூடு புடிச்சிகினு இருக்கும்" என்று அம்மா நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும் காய்ச்சிக் கால் கட்டைவிரலில் தடவக் கொடுத்தாள். வீடெல்லாம் பூண்டு வாசனை. அன்று மாலையும் சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நெய்தார். குறுக்கு நூலை ஓட்டும் ஓடம் தடுமாறிக் கீழே விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் நைனாவே பயந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். வீக்கம் வடிந்த பிறகும் எனக்கு ஒரு காதில் இரைச்சல் இருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் முதலில் என் காதைப் பார்த்தார், போய் பெஞ்சில் உட்காரச் சொன்னார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவைப் பரிசோதித்தார். வெளியே வந்து அவர் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"கன்னத்துல வந்ததுதான் கீழ இறங்கியிருக்கு. வயசு வந்த ஆம்பளைங்களுக்கு இப்படி ஆகறது உண்டு. படுத்தே இருக்கணும், கோவணம் இறுக்கிக் கட்டணும், குளிர்ந்த தண்ணித் துணி வைக்கணும். வலிக்கு மாத்திரை தர்றேன். தறியில உக்காரவே கூடாது."

"கல்யாணம் வெச்சிருக்கங்க" என்றார் நைனா.

"தாராளமா நடத்துங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. சில பேருக்குப் பின்னால கொழந்தை பொறக்கறதுல சிக்கல் வரலாம். எல்லாருக்கும் வராது. கொழந்தை தாமதமானா மொதல்ல இவரைத்தான் டெஸ்ட் பண்ணணும். அந்தப் பொண்ணை அலைய வைக்காதீங்க."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு வேட்டி முடிச்சைச் சரி பண்ணினார். திரும்பி வந்ததும் நைனா வீட்டு வாசலில் நின்று, "சூடுதானாம். மாத்திரை குடுத்துக்கீறாரு" என்று அம்மாவிடம் சொன்னார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்து, "கொழந்த பொறக்காதுன்னு டாக்டரு சொன்னாரேம்மா" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "இன்னொரு வாட்டி இதச் சொன்னேன்னா நாக்குல சூடு வெச்சிருவேன்." அவளுக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

சித்தப்பா நாலு நாள் படுத்தார். ஐந்தாம் நாள் தறியில் உட்கார்ந்தார். ஐப்பசியில் கல்யாணம் நடந்தது.

சின்னம்மாவை எனக்கு வந்த அன்றே பிடித்துவிட்டது. மளிகைக்கடைப் பொட்டலம் கட்டி வரும் செய்தித்தாளைப் பிரித்து, நீவி, உரக்கப் படிப்பாள். தாள் கிழிந்திருக்கும் இடத்தில் நிறுத்தமாட்டாள். மிச்சத்தைத் தானே கட்டிவிடுவாள். பட்டாணி மடித்து வந்த ஒரு தாளில் ஒரு திருட்டுக் கதை பாதியில் நின்றிருந்தது. சின்னம்மா அந்தத் திருடனை எங்கள் மலைப்படியில் ஏற்றி, குரங்கு அவன் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதாக முடித்தாள். தறியிலிருந்து சித்தப்பா சிரித்தார். அவர்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷம் யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள். பிறகு தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள். ஒரு வளைகாப்பில் சின்னம்மாவின் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை ஒருத்தி நாசூக்காக வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். சின்னம்மா கிருத்திகை தவறாமல் மலையேறினாள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தபடி ஏறுவாள். கீழே வரும்போது முழங்கால் சிவந்திருக்கும். யாரோ சொன்ன பச்சிலையை அரைத்து வெறும் வயிற்றில் குடித்து வாந்தியெடுத்தாள். வேறு யாரோ சொன்னார்கள் என்று உப்பில்லாமல் சாப்பிட்டாள். அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. தறிக்குழியில் இருந்தவருக்கு டாக்டர் சொன்னது தெரியும். வாசலில் நூல் பிரித்தவருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அவள் படியேறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் சின்னம்மாவே அம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மெட்ராஸ் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லியாம். உங்களக் கூட்டிகினு வரச் சொன்னாங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

"ஆங், போலாம். இந்தப் பாவு முடியட்டும்."

அந்தப் பாவு முடிந்தது. அடுத்த பாவு ஏறியது. அதுவும் முடிந்தது. பஸ் கூட்டமாக இருக்கும் என்றார். நூல் வரவில்லை என்றார். கிருத்திகை வருகிறது என்றார்.

மூன்றாம் வருஷம் ஆடியில் சின்னம்மாவின் தம்பி அம்மையார்குப்பத்திலிருந்து வந்தார். நைனாதான் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். காபி குடித்து முடியும்வரை மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நைனா தொண்டையைக் கனைத்தார்.

"மூணு வருசம் ஆச்சி. எங்க வம்சம்னு ஒண்ணு கீது இல்ல? உங்க அக்கா கொஞ்ச நாளு அங்க வந்து இருக்கட்டும். என் தம்பிக்கு வேற பொண்ணு பாக்கலாம்னு கீறோம். உங்க வூட்டுலயே சின்னவ இருக்கறா. குடுக்கறதுன்னா சந்தோசம்."

"எங்க அக்காவுக்கு இன்னா கொறைன்னு சொல்றீங்க? மெட்ராஸ் டாக்டரம்மாவே ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே."

"டாக்டரு ஆயிரம் சொல்வாங்க. வயிறு தெறக்கலியே."

சின்னம்மா சமையலறை வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பா தறிக்குழியிலேயே உட்கார்ந்து, அறுந்த இழை ஒன்றைத் தேடுவது போலப் பாவைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தப் பாவில் இழை எதுவும் அறுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன், பார்த்தேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. "கொழந்தை தாமதமானா சித்தப்பாவைத்தான் மொதல்ல டெஸ்ட் பண்ணணும்னு டாக்டரு சொன்னாரு. பொன்னுக்கு வீங்கி கீழ இறங்கிடுச்சின்னு சொன்னாரு. நைனாவும் இருந்தாரு" என்றேன்.

அம்மா எழுந்து வந்து அறைந்தாள். காதில் பழைய இரைச்சல் மறுபடி கேட்டது.

"பொட்டச்சி பேசற பேச்சா இது?" என்றார் நைனா. "பத்து வயசுல கேட்டது இதுக்கு இன்னா புரிஞ்சிருக்கும்? அது சூட்டு வலி."

சின்னம்மா யாரையும் பார்க்கவில்லை. தறிப் பக்கம் திரும்பி, "அவ சொல்றது நெஜமா?" என்று கேட்டாள்.

சித்தப்பா கையைப் பாவிலிருந்து எடுத்தார். பிறகு பாவைப் பார்த்துக்கொண்டே, "டாக்டரு சொன்னாரு. அண்ணன் வெளிய சொல்ல வோணாம்னாரு" என்றார்.

"நான் படி படியா ஏறனப்போவும் தெரியுமா?"

"தெரியும்."

"அந்தப் பச்சிலையக் குடிச்சப்போ?"

அதற்கு அவர் பாவின்மேல் இன்னும் குனிந்துகொண்டார். சின்னம்மாவின் தம்பி எழுந்து தறியருகே, அக்கா புருஷனிடம் போனார். அவர் குரல் நான் எதிர்பார்த்ததைவிட மென்மையாக இருந்தது. "பாவா, நடந்தது நடந்துபோச்சி. நாளைக்கே மெட்ராஸ் போலாம் வாங்க. நானும் கூட வர்றேன். ஒரு டெஸ்ட்டுதானே."

"டெஸ்ட்டெல்லாம் வோணாம்."

"ஒண்ணும் இல்லன்னுகூட வரலாமே பாவா."

"வோணாம்னா வோணாம்." சித்தப்பா முதல்முறையாக நிமிர்ந்தார். நைனாவைப் பார்த்து, "வேற பொண்ணும் வோணாம். இவள எங்கியும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

"அப்ப இந்த வூட்டுல இருந்துகினு இந்தப் பேச்சுப் பேசாத" என்றார் நைனா.

அந்த டாக்டர் சொன்னது எவ்வளவு சரி என்று வளர்ந்த பிறகு வேறு டாக்டர்களிடம் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். கீழே இறங்கிய எல்லாருக்கும் பிள்ளை இல்லாமல் போவதில்லை. ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வீங்கினால் ஆபத்து கூடுதல், ஆனாலும் நிச்சயம் என்று சொல்ல முடியாது. அன்று பத்து நாள் படுக்க வைத்திருந்தால் வலியாவது குறைந்திருக்கும். இப்போது குழந்தைகளுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. என் பேரப் பிள்ளைகளின் அட்டையில் அந்தக் கட்டத்தில் தேதி விழுந்திருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன். சித்தப்பாவிடம் குறை இருந்ததா இல்லையா என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் கடைசிவரை அந்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. தெரிந்துகொண்டே மறைத்தார், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளவும் மறுத்தார். வீட்டை விட்டு, அண்ணனை விட்டு, மாமனார் ஊரில் கூலிக்குத் தறி நெய்ய ஒப்புக்கொண்டவருக்கு ஒரு சீசாவை எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குள் போய் வர முடியவில்லை. அம்மையார்குப்பத்திலும் குழாயடி இருந்தது. அங்கேயும் சின்னம்மாவைத்தான் கேட்டார்கள். அவள் யாரிடமும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோபத்தை நான் யார்மேல் வைப்பது என்று இத்தனை வருஷமாக எனக்கு முடிவாகவில்லை.

அன்று ராத்திரி யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், அம்மையார்குப்பத்துக்குக் கிளம்பும் முன் முதல் வேலையாக, பல்கூட விளக்காமல், சித்தப்பா தறிக்குழியில் இறங்கினார். கத்திரியை எடுத்து, பாதி நெய்திருந்த கைலியைப் பாவிலிருந்து குறுக்கே அறுத்தார். பாதியில் பாவை அறுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அறுபட்ட இழைகள் தொங்கின. நைனா ராட்டையின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. சின்னம்மா வந்து துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாக அதை நீவி, மடித்து, நைனாவுக்குச் சேர வேண்டியது என்று தறிமேல் வைத்தார்கள். மடிக்கும்போது நாலுமுறை அவர் கையும் அவள் கையும் பட்டுக்கொண்டன. அவள் ஒருமுறைகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.